மிச்சக் கலவை

ஆறுக்கு நாலடி.
அளவைக் கேட்டதும் கொத்தனார்
போனிலேயே சிரித்துவிட்டார்.
"இதுக்கு ஆள் கூட்டிட்டு வந்தா
டீக்காசுகூடத் தேறாதுங்க."

ஆகவே ஞாயிறு காலை, சத்துவாச்சாரி,
வெயில் மலையைத் தாண்டி
எங்கள் பின்பக்கம் இறங்குமுன்
நானும் தணிகாசலமும்.
துணி துவைக்கிற இடத்துச் சேற்றுக்கு
இன்றோடு ஒரு முடிவு.

பழைய கட்டில் சட்டங்கள் நாலு பக்கமும் நின்றன.
உள்ளே உடைசெங்கல் கொட்டி
உலக்கையால் இடித்துக் கெட்டித்தோம்.
எதிர் வீட்டுக் கட்டட வேலையில் மீந்த எம்-சாண்ட்,
முக்கால் இன்ச் ஜல்லி,
ஒன்றரை மூட்டை சிமெண்ட்.
பெயின்ட் வாளியில் அளந்து
ஒன்று, இரண்டு, நான்கு.

தண்ணீர் ஊற்றும்போது சண்டை.
தோசை மாவு பதம் என்கிறார்,
இழுக்க லேசாக இருக்குமாம்.
வெண்பொங்கல் பதம் என்கிறேன்:
கரண்டியில் நிற்கணும்,
தட்டினால்தான் விழணும்.
இருபது வருஷமாய் என் அடுப்புக்குப்
பதம் சொல்லிக்கொண்டிருந்தவர்
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
சரி என்றார்.
அந்தச் சரியை நான்
கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டி, குத்தி, பலகையால் இழுத்து,
மேலே நீர் கசிந்து மினுங்கிய பிறகு
மணியாஸ் கட்டையைப் போட்டுத் தேய்த்து
நிமிர்ந்து பார்த்தால்
கால்வாசிக் கலவை தரையிலேயே கிடக்கிறது.
நாலங்குலக் கனத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்.
கட்டில் சட்டம் மூன்றங்குலம்.

சாதம் மீந்தால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்.
இதற்கு ஊற்றக் கூடாது.
வெயில் வந்துவிட்டது.
இன்னும் அரைமணி, மிஞ்சினால் முக்கால்,
அப்புறம் கடப்பாறைதான்.

சுவருக்கு அந்தப் பக்கம்
மரகதவல்லி வீட்டுப் பின்வாசல்.
படி உள்வாங்கி உடைந்து
மூன்று செங்கல்மேல் கால் வைத்து இறங்குகிறாள்.
எங்கள் துணி துவைத்த தண்ணீர் அரித்தது என்பாள்.
போன ஐப்பசி மழை என்போம்.
பதினோரு மாதம், பேச்சில்லை.

சட்டியை நிரப்பிச் சுவர்மேல் வைத்தேன்.
"கலவை மீந்துடுச்சு" என்றேன்
சட்டியைப் பார்த்து.

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
கலவையை விரலால் குத்திப் பார்த்தாள்.
தூக்கிக்கொண்டு போனாள்.
காலிச் சட்டி சுவர்மேல் வந்து உட்கார்ந்தது.
இரண்டாவது வைத்தேன்.
அவள் பையன் பலகை பிடித்துக்கொண்டு
"அம்மா இந்தப் பக்கம் வழியுது" என்றான்.
ஆறு சட்டி.
பேசியது அவன் மட்டும்தான்.

கொட்டுவது ஒரு காலைதான்.
ஏழு நாள் அது தாகமாய்க் கிடக்கும்.
எங்கள் தெருக் குழாயோ
எட்டு நாளுக்கொரு தடவை.
சாக்கை நனைத்துப் போர்த்தினோம்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
ராத்திரி மலை எங்கள் மேல் திருப்பிவிட
விடிவதற்குள் சாக்கு அப்பளம்.
பல் தேய்த்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர்,
எல்லாவற்றையும் ஊற்றினோம்.
நாலாம் நாள் டிரம்மில் அடி தெரிந்தது.
ஐந்தாம் நாள் சாக்கைத் தூக்கினால்
மூலையிலிருந்து ஒரு மயிரிழை,
முழம் நீளம்.

வாளியைக் கவிழ்த்து ஏறி எட்டிப் பார்த்தேன்.
அவள் படிமேல் நீலப் புடவை ஒன்று
நாலாய் மடித்து, சொட்டச் சொட்ட.
ஓரத்தில் தெரிந்த இடமெல்லாம்
ஒரு கீறல் இல்லை.
அதே சிமெண்ட், அதே ஜல்லி.
என் பதம்.

இறங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து:
"காலையில மட்டும் ஊத்துனா பத்தாது.
சாயங்காலமும் ஊத்தணும்."

யாருக்குச் சொன்னாளோ.
பையனுக்காகவும் இருக்கலாம்.
"தண்ணி இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
செருப்பு நடந்து உள்ளே போனது.
பிறகு
அவள் வீட்டு போர் மோட்டார்
இருமி
ஓடத் தொடங்கியது.