கதவின் பின்பக்க விலை

நாற்பத்தொன்று என்று அடித்தாள்.
சக்கரம் சுற்றியது, சுற்றி நின்றது.
மன்னிக்கவும் என்றது திரை.
யாரை மன்னிப்பது, எதிரே ஆளில்லை.

வாஹூ, நெப்ராஸ்கா. இரவு பதினொன்றரை.
லோர்னா ஹாவ்லிக்கின் சமையலறையில்
பாத்திரம் கழுவும் எந்திரம்
கடைசிச் சுற்றில் முனகுகிறது.
மற்ற பெற்றோர் எல்லாரும்
நெடுஞ்சாலையோர விடுதியில்
நூற்று முப்பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.
மொத்தமாய் எடுத்தால் சலுகையாம்.
சலுகை என்று அடுத்தவர் சொன்னால்
அவளுக்குக் காது அரிக்கும்.

முகம் பார்க்காத பேரம் இது.
துண்டுக்கடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசுவார்களே,
இங்கே துண்டு மட்டும் இருக்கிறது.
அடியில் விரலில்லை, மாடும் கண்ணில் படாது.
நட்சத்திரம் நான்கு, கன்சாஸ் சிட்டியின் நடுப்பகுதி,
அவ்வளவுதான் சொல்வார்கள்.
பெயர் தெரிவது பணம் போன பிறகு.
போன பணம் திரும்பாது.
"என் ரெண்டு கல்யாணமும் இப்படித்தான்"
என்று திரையிடம் சொல்லிவிட்டு
நாற்பத்தேழுக்கு ஏறினாள்.
அதற்கு ஒரு நாள் காத்திருந்திருந்தாள்.

மன்னிக்கவும்.

அதே பேட்டைக்கு உடனே மறுபடி கேட்க வேண்டுமானால்
பக்கத்துப் பேட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
நான்கு நட்சத்திரமே முளைக்காத பேட்டையாகப் பார்த்துச் சேர்த்தாள்,
விமான நிலையத்துக்கும் அப்பால்.
இந்தச் சூட்சுமம்
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதும் யுனீஸ் சொன்னது.
ஐம்பத்திரண்டு.
சக்கரம் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
வாழ்த்துகள்.

வெள்ளிக்கிழமை, பனியும் மழையும் கலந்து அடித்தன.
விடுதி வாசலில் தொப்பி வைத்தவன்
கார் சாவிக்குக் கை நீட்டினான்.
இரவுக்கு முப்பத்தெட்டு, காருக்கு மட்டும்.
எட்டுத் தெரு தள்ளி
திங்கள் காலை வரை இலவசம் என்று பலகை சொன்ன இடத்தில்
நிறுத்திவிட்டு நடந்தார்கள்,
அவளும் கோல்பியும்.
பதினேழு வயது. மல்யுத்தம்.
நூற்று நாற்பத்தைந்து பவுண்டுப் பிரிவு.
எடை பார்க்கும்வரை தண்ணீர்கூடத் தொட மாட்டான்.
வழியெல்லாம் ஒரு காகிதக் கோப்பையில்
எச்சில் துப்பிக்கொண்டே வந்தான்,
அதுவும் எடைதானே என்று.

வரவேற்பு மேசைப் பெண் கணினியைப் பார்த்தாள்.
புன்னகையை ஒரு திருகு குறைத்தாள்.
அறை, பனிக்கட்டி எந்திரத்துக்குப் பக்கத்தில்.
கட்டில் ஒன்று.
ஏலத்தில் எடுத்தவருக்கு
கட்டில் எத்தனை என்று கேட்கும் பாத்தியதை கிடையாது.
கோல்பி எதுவும் சொல்லவில்லை.
மெத்தை விரிப்பைச் சுருட்டிக்கொண்டுபோய்
குளியல் தொட்டியில் விரித்துப் படுத்தான்.
"நாலு நட்சத்திரத் தொட்டிம்மா" என்றான்
வறண்ட வாயோடு.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரம்
சில்லறை கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது.
மிச்சம் பிடித்ததை விரல் விட்டு எண்ணினாள்.
எண்பத்தேழு.
அந்த எண்பத்தேழு இப்போது எங்கே இருக்கிறது?
பையில் இல்லை. வங்கியில் இல்லை.
செலவழிக்காத பணத்தை
ஏற்றிப் பார்க்கத் தராசு இல்லை.

மணி இரண்டு. தாழ்ப்பாளைச் சரிபார்க்க எழுந்தாள்.
கதவின் பின்பக்கம்
தீப்பிடித்தால் ஓடும் வழியை வரைந்த படத்துக்குக் கீழே
பொடி எழுத்தில், சட்டத்துக்காக ஒட்டியது:
இந்த அறையின் உச்ச வாடகை
முந்நூற்று எண்பத்தொன்பது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து
மறுபடி படித்தாள்.
அப்புறம் விரல் வைத்து,
ஒவ்வோர் எண்ணாய்.

"என்னம்மா பண்றே, விளக்கை அணை."
தொட்டிக்குள்ளிருந்து குரல்.
"ஒண்ணுமில்லை. தீப்பிடிச்சா எப்படிப் போறதுன்னு பார்க்கிறேன்."
"எப்படி?"
"இடது பக்கம். படிக்கட்டு."
எந்திரம் ஒரு முறை கொட்டி ஓய்ந்தது.
"லிஃப்டைத் தொடக் கூடாதாம்."