சருவத்துல பாதி

திருவட்டாரில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்:
"மீனா? லக்கேஜ் போடணும்."
தெர்மோகோல் பெட்டி, ஓரங்களில் ஈரம்,
சுற்றிலும் பழுப்பு டேப்.
"மண்ணு" என்றேன்.
"மண்ணுக்கு எதுக்கு பிள்ளே ஐஸு?"

உயிரோடு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
ஒரு சிட்டிகைக்குள் இந்த மாவட்டத்தைவிட
ஜனநெருக்கடி என்று.
சீட்டை வாங்கிக்கொண்டு பெட்டியை மடியில் வைத்தேன்.
அழகியமண்டபம் வருமுன்னே
முழங்கால் மரத்துப்போனது.

லீதியாளின் பாட்டத் தோட்டத்தில்
நூற்றுப்பத்து மட்டி வாழை.
இலையோரம் மஞ்சளித்துக் காம்பு ஒடிந்து
நனைந்த துணிபோல் தண்டைச் சுற்றித் தொங்கின.
வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையம்.
வாடல் நோய்.
பூஞ்சையின் பெயரை லத்தீனில் சொன்னேன்.
அவள் அதை ஒரு வசவாகத்தான் எடுத்துக்கொண்டாள்;
வாழைகளைப் பார்த்து
ஒருமுறை திட்டிப் பார்த்தாள்.

கிணற்றடியில் ஒரு மூடு மட்டும்
எதுவும் நடக்காததுபோல் குலை தள்ளியிருந்தது.
என் முனைவர் பட்டம்
அங்கேதான் நிற்கிறது என்று நினைத்தேன்.
வேரில் ஒட்டிய மண்ணைத்
தூரிகையால் தட்டி எடுத்தேன்.

எட்டாம் நாள் ஆய்வகத் தட்டில்
பூஞ்சை வெள்ளைப் பஞ்சாய்ப் படர்ந்து
ஓரிடத்தில் நின்றுவிட்டது,
எல்லைக்கல்லைக் கண்டதுபோல்.
கல்லுக்கு அந்தப் பக்கம்
பசுமஞ்சள் நிறத்தில், சளிபோல், பெயரில்லாத ஒரு பாக்டீரியா.
எண் வைத்தேன்: லீ-17.

ஆய்வு உதவித்தொகைக்கு ஓர் இடம், பதினோரு பேர்.
பக்கத்தில் தேங்காய்ப்பட்டணத்து அஜிலாஷ்,
தென்னை வேரோடு கூட்டுவாழும் பூஞ்சைக்காரன்.
இருவரும் ஒரே பேனாவில் படிவம் நிரப்பினோம்.
உள்ளே மூவர். ஒருவர் தேநீர் ஆற்றினார்.
இன்னொருவர் கேட்டார்:
"தட்டில் ஜெயித்தது தோட்டத்தில் தோற்றால்?"
"ஏன் தோற்றது என்று எழுதுவேன்."
"மூன்று வருஷமா?"
"பணம் அவ்வளவுதானே சார்."
யாரும் சிரிக்கவில்லை.

முடிவுக்குக் காத்திருந்த வாரத்தில் மறுபடி திருவட்டார்.
லீதியாள் சாளைக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்,
முழங்கைவரை வெள்ளிப்பொட்டு.
கழுவிய தண்ணீரைத் தலையும் குடலுமாகத் தூக்கி
என் ஆய்வின் மூட்டில் ஊற்றினாள்.

"எப்பவும் இங்கேயா?"
"பின்ன எங்க ஊத்த? வாசல்ல ஊத்துனா பூனை சுத்தும்."
"எத்தனை வருஷமா?"
"மீன் வாங்குன வருஷமெல்லாம்."

லீ-17 எனக்குள் கொஞ்சம் சிறுத்தது.
காத்தது அதுவா, அதற்குச் சோறு போட்ட சாளையா,
கிணற்று ஈரமா,
இல்லை அந்தக் கடைசி எட்டடியை
நடந்துவர நோய்க்குச் சோம்பலா.
கண்டக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

நோட்டில் புதுக் கட்டம் ஒன்று வரைந்தேன்.
"ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர் இருக்கும்?"
"சருவத்துல பாதி."
"பாதின்னா?"
கையை உதறிவிட்டுச்
சருவத்தை என் முன்னால் நகர்த்தினாள்.
விளிம்புக்கு நாலு விரல் கீழே
எப்போதோ விழுந்து நெளிந்த பள்ளம்.
"இது வரைக்கும். தவக்காலத்துல மட்டும் இல்ல.
அதையும் எழுதிக்கோ."

எழுதினேன்.
பிறகு அளவுநாடாவை உள்ளே விட்டேன்.
கைப்பேசி அடித்தது, கல்லூரி எண்.
வலது கை சருவத்துக்குள் இருந்தது,
இடது கை நாடாவின் நுனியில்.