யூ

காவேரிப்பட்டணம் தாண்டி டயர் பஞ்சரான இடத்தில்
அவள் இறங்கினாள்.
வாடகைச் சீட்டில் பெயர் யசமா கிந்தோ,
நாடு மாலி, வேலை விதை ஆராய்ச்சி.
நான் ஜாக்கியை முடுக்கி நிமிர்வதற்குள்
வரப்பில் நின்று ஒரு கதிரைத் தடவிக்கொண்டிருந்தாள்,
தொலைந்த மாட்டைச் சந்தையில் கண்டவள்
திமிலைத் தடவுகிற மாதிரி.

கம்பு, என்றேன்.
யூ, என்றாள்.
என்னைத்தான் இங்கிலீஷில் கூப்பிடுகிறாள் என்று
கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.
இல்லை. அவள் பேச்சில் கம்புக்குப் பேரே அதுதான்.

அவள் பிரெஞ்சில் சொல்ல, போன் தமிழில் சொன்னது:
"இது எங்கள் பக்கத்துப் பயிர்.
நாலாயிரம் வருடம் முன்பு
யார் இங்கே கொண்டுபோனார்கள், தெரியாது."
யார் கொண்டுவந்தார்கள் என்று
எங்களுக்கு மட்டும் தெரியுமா.

காட்டுக்காரி கெம்பியக்கா வீட்டில் அன்று
வேடியப்பனுக்குப் படையல்.
நடுகல்லில் வில்லோடு நிற்கிறான்.
எவன் மாட்டை மீட்டான், எந்த அம்பில் விழுந்தான்,
எழுத்தெல்லாம் எண்ணெய்க்கு அடியில்.
வீட்டில் மிக்ஸி இருக்கிறது.
அவனுக்கு மட்டும் உரல்தான்.
"மிக்ஸி சத்தம் அவனுக்கு ஆவாது" என்பாள் அக்கா.

யசமா உலக்கையைக் கேட்டு வாங்கினாள்.
ஓங்கினாள், உச்சியில் கைவிட்டாள்,
அந்தரத்தில் அது நிற்கும் அரை நொடியில்
கைதட்டினாள், பிடித்தாள், இடித்தாள்.
"ஐயோ, கால்ல போட்டுக்கப் போவுது!"
கத்திய அக்காதான் இன்னோர் உலக்கையோடு வந்தாள்.
முதல் தட்டு தவறி
உரல் விளிம்பில் பட்டு மாவு சிதற
கோழிகள் ஓடிவந்தன.
அப்புறம் எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை.
தொம், தட், தொம், தட்.

மூச்சு வாங்கியபடி போனில் சொன்னாள்:
வேலை பமாகோவில், வெள்ளைக் கோட்டு,
பொட்டலத்துக்குப் பொட்டலம் எண் ஒட்டிய குளிர்ப்பெட்டி.
ஊரில் துப்பாக்கிச் சண்டை.
அம்மா இப்போது நகரத்தில், வாடகை மாடியில்.
"அங்க உரலு?" என்றாள் அக்கா.
இருக்கிறதாம். கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருகிறானாம்.
அவன் தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்து
அம்மா இடிக்கிறாளாம்.

அக்கா கரைத்த மாவைக் கல்லுக்கு ஊற்றினாள்.
யசமா தன் சொம்பிலிருந்து
குடிக்கும் முன் ஒரு கை அள்ளி
மண்ணில் விட்டாள்.
"யாருக்கு?"
போனில் சார்ஜ் இல்லை.
அவள் விரலைத் தரைக்குக் காட்டினாள், இன்னும் கீழே, இன்னும்.
"எங்காளும் அங்கதான்" என்றாள் அக்கா.

கொண்டுபோக ஒரு கதிர் கூட முடியாது,
அதற்கு மூன்று முத்திரை வேண்டும்.
காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி
நன்றாகத் தட்டினாள்.

பின்சீட்டில் உமி.
இரண்டு தடவை மெஷின் வைத்து உறிஞ்சியாயிற்று.
வெயில் ஏறினால் துணிக்குள்ளிருந்து
இன்னும் மேலே வருகிறது.