முதல் கோல் வாங்கியவன்

அவனைப் பற்றிய புத்தகத்தில் அவனுக்கு முந்நூறு பக்கம்.
எனக்குப் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி,
அதிலும் எழுத்து இரண்டு இடம் மாறிக் கிடக்கும்:
ஹவ்லிரக்.
நான் ஹவ்ரிலக். நெஸ்டர் ஹவ்ரிலக்.
ஆன்செல்ம் திவியேர்ஜின் முதல் கோலை வாங்கியவன்.

வடக்கு ஒன்டாரியோ, நிக்கல் உருக்கும் ஊர்,
ஐம்பத்தேழு, ஜனவரி.
தகரக் கூரை அரங்கம். பேசினால் வாயில் புகை.
வலை காப்பவனுக்கு அப்போது முகமூடி கிடையாது;
கிழிந்தால் மருத்துவர் தைப்பார்,
தைத்த சூட்டோடு திரும்பப் போய் நிற்க வேண்டும்.
என் புருவத்தில் ஒன்பது தையல்.
அவனுக்குப் பதினாறு வயது.
அண்ணனின் சட்டை, கைகள் விரல் நுனிவரை தொங்கின.
இந்தப் பொடியனா என்று நினைத்தேன்.

இடத்தோளைச் சாய்த்தான்.
நம்பினேன்.
எனக்குப் பின்னால் வலை அசைந்ததை
முதுகுதான் முதலில் கேட்டது.

பிறகு இருபத்தொரு பருவம்
ஒரு கண்டமே அந்தத் தோளை நம்பியது.
மொன்றியல் நம்பியது, சிகாகோ நம்பியது,
பாஸ்டனில் ஒரு வலைகாப்பாளன் நம்பி விழுந்து
எழவே மனமில்லாமல் பனியில் கிடந்தான்.
நான் ரொட்டி வண்டி ஓட்டினேன்.
வண்டி வானொலியில் அவன் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவார்கள்,
என் உடம்பு தானாக இடப்பக்கம் சாயும்,
பின்னால் தட்டுகள் சரிந்து
பன்கள் உருளும்.
அவன் கோல்களைத் தாளில் குறித்தவர்கள் உண்டு.
நான் நசுங்கிய பன்களில் குறித்தேன்.

அறுபத்து நாலில் முழங்காலில் கத்தி.
அறுபத்தாறில் அதே முழங்காலில் மறுபடியும்.
கோப்பையை இரண்டு முறை தூக்கினான், முன்பற்கள் இல்லாத சிரிப்போடு.
எழுபத்தொன்றில் அவனை விற்றார்கள்:
இரண்டு இளம் ஆட்டக்காரர்களும் கொஞ்சம் ரொக்கமும்.
அந்தக் குளிர்காலத்தில்தான்
பெர்க்விஸ்ட் என்ற பையனைப் பலகைச் சுவரோடு சேர்த்து அடித்தான்.
பையன் அதற்குப் பிறகு ஆடவில்லை,
நேராக நடக்கவும் இல்லை.
புத்தகம் அவனுக்கு அரைப்பக்கம் தருகிறது.
என்னை விட அதிகம்தான்.
போதாது.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஒரு வட்டு இருக்கிறது,
அவனுடைய முதல் கோல் என்று பித்தளையில் பொறித்து.
அது வேறு எதுவோ.
அன்று ஆட்டம் முடிந்ததும்
அந்த வட்டைக் காலணிக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.
கோபமா, வேறு என்னவோ, இன்றுவரை தெரியாது.
இப்போது என் வண்டிக் கொட்டகைக் கதவுக்கு
முட்டுக்கொடுத்து நிற்கிறது,
என்னால் தடுக்க முடியாத அது.

எண்பத்து மூன்றில் வந்தான்.
மருத்துவமனைக்குப் பணம் திரட்ட, கிழவர்களின் ஆட்டம்.
காரிலிருந்து இறங்கும்போது நொண்டினான்.
பனிமேல் கால் வைத்தான், நொண்டல் போய்விட்டது.
ஆடிய கால்.
எனக்கு இப்போது முகமூடி இருந்தது, தொப்பையும்.
தனியாக வந்தான், தோளைச் சாய்த்தான்.
இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியும்
வட்டு வலப்பக்கம் போகும் என்று.
நான் இடப்பக்கம் போனேன்.
வேண்டுமென்றேதான் போனேன் என்று
மனைவி ஒல்காவிடம் சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
நானும்.

கை குலுக்கும்போது என்னைக் கொஞ்சம் பார்த்தான்.
"ஹவ்ரிலக்," என்றான்,
எழுத்து மாறாமல்.
"இன்னும் அந்தப் பக்கம்தான் போகிறாயா?"

நேற்று இரவு இறந்துவிட்டான்.
காலையில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்,
இளம் குரல், அவசரம்:
"மிஸ்டர் ஹவ்லிரக்தானே பேசுவது?"
ஆமாம் என்றேன்.
அவரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டும் என்றாள்.
யோசித்தேன். வெளியே காற்று.
கொட்டகைக் கதவு ஒருமுறை முட்டியது,
இன்னொரு முறை,
நின்றது.
"தோள்," என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை,
எப்படி எழுதுவது என்று கேட்டாள்.