தேடியது கிடைக்கவில்லை

பீன்யா இரண்டாம் கட்டம், ஏழாவது குறுக்குத் தெரு.
முலாம் பூசும் பட்டறைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே
எனக்கொரு நாற்காலி, ஒரு ஸ்கேனர்,
நான்கு அலமாரி நிறைய மஞ்சள் கோப்புகள்.
ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பதினாறு பிரிவில் ஒரு ஜாதகம்:
பிறந்த ஊர், குணம், கோபம் வரும் வெப்பநிலை,
யாரோடு சேர்த்து வைத்தால் வீடு பற்றி எரியும்,
கண்ணில் தெறித்தால் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்.

ஒரு தாளில் டீ டம்ளரின் வட்டம்.
ஒரு தாளில் அவசரத் தொலைபேசி எண்ணைக்
கரப்பான் தின்றிருந்தது.
ஆடியில் ஆரம்பித்து
ஐப்பசி மழைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றினேன்.
பீப்பாய்க்கு ஒரு க்யூஆர் கட்டம்,
தொட்டி வரிசைக்கு ஒரு டேப்லெட்.
தணிக்கைக்கு வந்தவர் நூற்றுக்கு நூறு போட்டார்.
மேலாளர் ரேணுகாராத்யா மைசூர்பாகு வாங்கி வந்தார்.
பழைய கோப்புகள் கிலோ பதினான்கு ரூபாய்க்குப் போயின.

ஒரு புதன்கிழமை, மின்சாரம் போய் வந்த பின்
சர்வர் எழுந்ததா என்று பார்க்கப் போய்
அதுவரை திறக்காத பக்கம் ஒன்றைத் திறந்தேன்.
தேடிக் கிடைக்காத சொற்களின் பட்டியல்.

பச்சத் தண்ணி. முடிவுகள்: பூஜ்ஜியம்.
ஹசிரு நீரு. பூஜ்ஜியம்.
ஹாத் ஜல் கயா.
அதுவே மறுபடி, எழுத்துப் பிழை திருத்தி.
அதுவே மறுபடி, எல்லாம் பெரிய எழுத்தில்,
கத்தினால் கேட்குமோ என்பதைப் போல.
பூஜ்ஜியம்.
பாதாம் வாசன வந்தா என்ன.
மூக்குல ரத்தம்.
கீழே, மூன்றாம் டேப்லெட், அதிகாலை இரண்டு நாற்பது:

முழுகாம இருந்தா

முடிவுகள்: பூஜ்ஜியம்.
எழுத்துப் பிழையைச் சரிபார்க்கவும்.

கொக்கியில் மாட்டிய குழாய், கைப்பிடி, கீல் எல்லாம்
இரவு முழுக்க முழுகி எழும் கூடத்தில்
ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள்.

பதில் இருந்தது.
நிக்கல் சல்ஃபேட், பதினொன்றாம் பிரிவு, ஒன்பதாம் பக்கம்.
பிறக்காத குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்று
ஆங்கிலத்தில் ஒரே வரி.
நானே ஏற்றிய தாள்தான்.
கோணாமல் விழுந்திருக்கிறதா என்று மட்டும்
பார்த்திருந்தேன்.

யாரென்று கண்டுபிடிக்கலாமே, கேமரா இருக்கிறதே
என்றார் ரேணுகாராத்யா.
அந்நேரம் கரண்ட் இல்லை சார் என்றேன்.
இருந்தது.
இரவு முறைப் பெண்கள் ஒன்பது பேர்,
பெயர்ப் பட்டியல் என் இழுப்பறையில்.
இழுப்பறையைத் திறக்கவில்லை.

மென்பொருளில் ஒரு கட்டம், மாற்றுப் பெயர்கள் என்று.
முந்நூற்றுப் பன்னிரண்டிலும் காலியாக விட்டிருந்தேன்.
இப்போது நிரப்பினேன்:
பச்சத் தண்ணி, ஹசிரு நீரு,
முழுகாம, மாசமா, பஸுரி, பேட் ஸே.
எதைத் தட்டினாலும் முதலில் வர ஒரு பதில்:
நிக்கல் தொட்டிப் பக்கம் போக வேண்டாம்.
டாக்டரிடம் இந்தப் பெயரைக் காட்டுங்கள்.
வேலை மாற்றிக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டாம்.
சம்பளம் குறையாது.

கடைசி வரி பதினாறு பிரிவில் எதிலும் இல்லை.
அதற்குக் கையெழுத்து வாங்க மூன்று நாள் ஆனது.
மூன்று நாளும் தாசரஹள்ளியில் மெட்ரோ ஏறும்போது
பைகளை முன்னால் அணைத்து நிற்கும்
ஒவ்வொருத்தி வயிற்றையும் பார்த்தேன்,
பார்க்காததுபோல.

ஞாயிறு, அதிகாலை இரண்டு ஐம்பது. மூன்றாம் டேப்லெட்.
முழுகாம. முடிவுகள்: ஒன்று.
திறந்திருந்த நேரம்: பதினோரு நிமிடம்.

அதன் கீழே, அதே விரலோ வேறோ:
நாலு வருசம் தொட்டாச்சு இப்ப

பூஜ்ஜியம்.

ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பப் போனேன்.
இந்த முறை ஒவ்வொரு சொல்லாகத்
தமிழில் முணுமுணுத்தபடி இறங்கினேன்.
நீண்ட காலப் பாதிப்பு என்ற இடத்தில்
தெளிவாக, கோணாமல், அச்சிட்டிருந்தது:
தரவு இல்லை.