இரண்டு முள்

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு
அது எழவில்லை.

பட்டனை அமுக்கினேன். விட்டு, மறுபடி.
காலிங்பெல் அடித்தும் கதவு திறக்காத வீட்டு வாசலில்
நிற்கிறவள் மாதிரி
நாலாவது தரம் லேசாக, மரியாதையாக.

கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் என் கடை.
திங்கள் என்றால் குறைதீர்வு நாள்.
பெஞ்சில் ஏழு குறைகள் உட்கார்ந்திருக்கின்றன,
எட்டாவது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

பிளக்கைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினேன்.
பழைய ஓட்டையில் செல்போன் சார்ஜ் ஏறுகிறது.
ஸ்டெபிலைசர் சிவப்புக் கண்ணை முழித்துக்கொண்டுதான் இருக்கிறது.
ஜெராக்ஸ் மெஷினின் ஒயரை உருவி இதற்குப் போட்டேன்.
ம்ஹூம்.

காட்பாடி எபினேசர் போனில்:
"பாலத்துல மாட்டிகினேன்க்கா, லாரி ஒண்ணு படுத்துகினு கீது.
பிளக்கைப் புடுங்கிட்டு மூடியக் கழட்டு. பயப்படாத."

உள்ளே ஒன்பது வருஷத்துத் தூசு.
வேலூர் வெயிலை மாவாக அரைத்துக் கொட்டியது போல.
ஒரு பல்லிமுட்டை ஓடு.
எப்போதோ காணாமல் போன குண்டூசி.
ஊதினேன், கண்ணில் விழுந்தது.

மெமரியை உருவி அதன் மஞ்சள் பல்லை
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
வட்ட பேட்டரியை எடுத்து வைத்துக்கொண்டு நூறு எண்ணச் சொன்னான்;
எழுபதில் ரமீஜா "போட்டோ ஒட்டணுமா?" என்றாள்,
மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு
கொத்து ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கி
பச்சைக்கும் கறுப்புக்கும்
ஜெம் கிளிப்பை வளைத்துக் குத்தி, பிளக்கைப் போட்டேன்.
சப்ளைப் பெட்டியின் ஃபேன் உஸ்ஸென்று சுற்றியது.

"அப்ப சப்ளை நல்லா கீது.
போர்டு போயிருக்கும்க்கா" என்றான்,
சி.எம்.சி. வராந்தாவில்
சொந்தக்காரரை ஓரமாகக் கூப்பிடுகிற குரலில்.
போர்டு என்றால் ஆறாயிரம்.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
ஆறு உண்டு, தண்ணி இல்லை.
மலை உண்டு, மரம் இல்லை.
கோட்டை உண்டு, ராஜா இல்லை.
கோயில் உண்டு, சாமி இல்லை.
"கம்ப்யூட்டர் கீது, கரண்ட்டு இல்ல"
என்று பெஞ்சில் யாரோ சேர்த்தார்கள்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

சிரிக்காதவர் ஒருவர். அணைக்கட்டு தசரதன்.
கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு வந்தவர்,
சட்டையெல்லாம் டீசல் வாசனை.
குனிந்து பார்த்தார்.
"மோட்டாரை அவுக்கறதுக்கு மின்னாடி
ஸ்டார்ட்டரப் பாத்தியாம்மா?"

ஸ்டார்ட்டர்.
தினமும் நான் அமுக்கி அமுக்கி
நடுவில் குழி விழுந்த அந்தப் பட்டன்.
அதன் பின்னாலிருந்து இரண்டு நூல் ஒயர் இறங்கி
போர்டின் மூலையில் இரண்டு முள்ளில் முடிகிறது.
யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.
முதலில் தொடுகிற இடம் என்பதாலோ என்னவோ.

கொத்து ஒயரைத் திரும்ப மாட்டி, நூல் ஒயரை உருவிவிட்டு
ஸ்க்ரூடிரைவர் நுனியால்
இரண்டு முள்ளையும் சேர்த்துத் தொட்டேன். ஒரு நொடி.

ஃபேன்.
ஒற்றை பீப்.
பெஞ்சில் யாரும் கைதட்டவில்லை,
வரிசையைத்தான் சரிசெய்துகொண்டார்கள்.

அந்தக் கேலியில் ஒரு வரி காலாவதி.
இல்லை இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தபோது
சாமி இங்கேதான் இருந்தது, எங்கள் சத்துவாச்சாரியில்,
கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் பத்து நிமிஷம்.
எண்பத்தொன்றில் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள்.

தசரதனை முதலில் கூப்பிட்டேன்.
"என் நம்பரு அஞ்சு" என்று உட்கார்ந்தே இருந்தார்.

அஞ்சாவதாக அடித்தேன்.
பொருள்: விவசாயக் கிணற்று மோட்டாருக்கு
மின் இணைப்பு வழங்க வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: ஒன்று, எனது முந்தைய மனு.
இரண்டு, எனது முந்தைய மனு.

தேதிகளைச் சட்டைப்பையைத் தொடாமலே சொன்னார்.