துண்டு விழுகிறது

மூன்றாம் தடவையும் நிற்கவில்லை.
கட்டைவிரலால் மேலே தள்ளினால்
டக்கென்று விழுகிறது டிரிப்பர்,
கைமாற்று கேட்க வந்தவனைக் கண்டதும்
கதவைச் சாத்துகிறவர் மாதிரி.

தண்டையார்பேட்டையில் எங்கள் பிளாக்கில்
இந்தப் பெட்டி மாட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான்.
போன ஐப்பசியில்
கிரைண்டர் என் கையைப் பிடித்து
விடாமல் வைத்திருந்த அந்த ஒரு நொடிக்குப் பிறகு
சீட்டுப் பணத்தில் வாங்கியது.

போனில் தேசப்பன்:
"எங்கனா மழத்தண்ணி எறங்கியிருக்கும்க்கா.
நைட்டுக்கு டைரக்டா குடுத்துக்கோ,
காலைல வந்து பாக்கறேன்."
டைரக்ட் என்றால் என்னவென்று
என் உள்ளங்கைக்குத் தெரியும்.
வேண்டாம் என்றேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வரிசையாக இருந்த மூன்று சுவிட்சையும் இறக்கினேன்.
டிரிப்பரைத் தூக்கினேன். நின்றது.
முதலாவது, பிரிட்ஜ். நின்றது.
இரண்டாவது, கிரைண்டரும் வாஷிங் மெஷினும். நின்றது.
(கிரைண்டர் மேல்தான் சந்தேகம் இருந்தது.
மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.)
மூன்றாவது, ஹால்.
விழுந்தது.

ஃபேனை அணைத்தேன், டியூப்லைட்டை அணைத்தேன்,
சார்ஜரைப் பிடுங்கினேன்.
காய்ச்சல்காரர் நெற்றியைப் போல
சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரமில்லை.
விழுந்தது.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
இந்தப் பெட்டிக்கும் அதே உத்தியோகம்தான்.
ஒரு கம்பியில் எவ்வளவு போகிறது,
இன்னொன்றில் எவ்வளவு திரும்புகிறது.
முப்பது மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால்
பேரேட்டை மூடிவிடும்.
முந்நூறு பெட்டி ஏற்றி, ரசீது ஒன்று குறைந்து வந்தால்
நானும் லாரியை விடுவதில்லை.
ஐஸாவது உருகிற்று என்பார்கள்.
கரண்ட் எங்கே உருகும்?

மிச்சமிருந்தது வாசலில் காலிங்பெல்.
மெயினை இறக்கிவிட்டு பட்டனைக் கழற்றினேன்.
அதன் முதுகில்
இருக்க வேண்டிய இரண்டு கம்பியோடு மூன்றாவதாக ஒன்று,
சிவப்பு, புதுசு,
டேப் இன்னும் பளபளக்க
ஆணிக்கு ஆணி தாவி மாடிப்படி ஏறுகிறது.

கூடவே ஏறினேன்.
திருப்பத்தில் ஒன்பது வாட் பல்பு.
அதிலிருந்து கறுப்புக் கம்பி
மதார் பாய் வீட்டு ஜன்னலுக்குள்.

மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டபடி வந்தார்.
"முந்தாநேத்து வூட்டுக்காரி இந்தப் படியிலதாம்மா வழுக்கி வுழுந்தா.
வாரியத்துல எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆச்சு.
சாயந்தரம் நானே போட்டேன்.
போட்ட கையோட அணைஞ்சிபோச்சி.
அப்புறம் அப்பப்போ ஒரு மின்னு மின்னுது.
பல்பு டூப்ளிகேட் போல."

நான் தள்ளிய தள்ளெல்லாம்
இங்கே மின்னியிருக்கிறது.

"ஏன் பாய், கம்பி ரெண்டு வீட்டுலேர்ந்து?"
தலையைச் சொறிந்தார்.
"முழுசா உங்களாண்டயே எடுத்தா தப்பில்ல?
அதான் ஒண்ணு உங்க வூட்டுது,
ஒண்ணு எங்க வூட்டுது.
ஆளுக்குப் பாதி."

கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.
என்னிடமிருந்து புறப்பட்டது
தரையில் ஒழுகவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை.
படியில் கொஞ்சம் வெளிச்சமாக நின்றுவிட்டு
இவர் வீட்டு வழியாகத் திரும்பிப் போயிருக்கிறது.
பீங்கான் பீஸ் கட்டை போட்ட வீடு,
வந்தவரை யாரென்று கேட்கவில்லை.
என் பெட்டிக்கோ
தன் கைக்கு வராதது வராததுதான்.

சிவப்பைக் கழற்றி நுனியில் டேப் சுற்றினேன்.
நாளைக்கு தேசப்பன் இரண்டு கம்பியையும்
எங்கள் வீட்டிலிருந்தே இழுக்கட்டும்.
மாசம் எவ்வளவு ஆகும் என்றார் பாய்.
ராத்திரி முழுக்க எரிந்தாலும் மூணேகால் யூனிட்.
வாயால் சொன்னேன். எங்கும் எழுதவில்லை.

தூக்கினேன். நின்றது.
நம்பாமல் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன்.
விழுந்தது.
நல்ல பிள்ளை.
மறுபடி தூக்கினேன்.

ஹார்பர் ஷிப்டு முடிந்து
இன்னும் இரண்டு பேர் மேலே ஏற வேண்டும்.
கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்,
ஹால் வெளிச்சம் ஆறு படி வரைக்கும் போகிறது.
கொசு வரும்.
வரட்டும்.